எத்தனை தடவை, எவ்வளவு காசு: செம்பனை லோரிகளின் விபத்துச் செலவைக் கணிக்கும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் குத்தகையாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கேள்வி வரும். காப்புறுதியைப் புதுப்பிக்கும் நேரத்தில் ஏஜெண்ட் கேட்பார்: “எக்ஸஸைக் கூட்டிக்கிறீங்களாண்ணே? பிரிமியம் குறையும்.” எக்ஸஸ் என்பது ஒவ்வொரு விபத்திலும் நாமே கைக்காசில் ஏற்கும் முதல் தொகை. எவ்வளவு குறைந்தால் நமக்கு லாபம் என்று உடனே சொல்ல முடியாது. பெரும்பாலும் போன வருட ஞாபகத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறோம். போன வருடம் ஒரு லோரி பாரிட்டில் (வடிகாலில்) சாய்ந்திருந்தால் பயம், ஒன்றும் ஆகாமல் இருந்தால் துணிச்சல்.

காப்புறுதி நிறுவனத்து ஆக்சுவரி (ஆபத்துக்கு விலை கணிக்கும் நிபுணர்) இதே கேள்விக்கு ஒரு முறையான கணக்குப் போடுகிறார். அதைப் பட்டணத்து ஆபீசில், ஒரு எக்செல் தாளில், நாமும் போடலாம். பட்டப்படிப்பில் காப்புறுதிக் கணிதம் எடுத்த பிள்ளை வீட்டில் இருந்தால் இது நல்ல புராஜெக்ட். கணக்கில் தேர்ந்த கிராணி இருந்தாலும் போதும்.

தொடங்கும் முன் ஒரு எல்லை. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அதில் விளையாட்டு இல்லை. இங்கே போடும் கணக்கு சொந்த லோரியின் சேதத்துக்கு மட்டும். லோரி வங்கிக் கடனில் இருந்தால், எக்ஸஸைக் கூட்டலாமா என்று கடன் ஒப்பந்தத்தையும் பார்த்துவிடுங்கள்.

கீழே வரும் உதாரணத்தில் 40 லோரி வைத்திருக்கும் ஒரு குத்தகை நிறுவனம் இருக்கிறது. அதன் எண்கள் விளக்கத்துக்காகக் கட்டியவை. உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பில் கட்டைப் பிரியுங்கள்

நேரத்தில் முக்கால்வாசி இங்கேதான் போக வேண்டும். எந்தப் பரவல் (எந்த எண் எவ்வளவு அடிக்கடி வரும் என்று சொல்லும் கணித வடிவம்) நல்லது, எந்தச் சூத்திரம் உயர்ந்தது என்று மண்டையை உடைப்பவர்கள் பலர். பில்லைச் சரியாகப் பிரிப்பவர்கள் குறைவு. தப்பு பெரும்பாலும் பில்லில்தான் இருக்கும்.

காப்புறுதி நிறுவனம் தரும் கிளெய்ம் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். அதில் சின்னச் சேதங்கள் இருக்காது. காரணம் என்.சி.டி., அதாவது கிளெய்ம் செய்யாத வருடங்களுக்குப் பிரிமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. வணிக வாகனத்துக்கு அது 15, 20, 25 விழுக்காடு என்று ஏறும். ஒரு கிளெய்ம் செய்தால் பூச்சியத்துக்கு இறங்கிவிடும். ஒரு லோரியின் பிரிமியம் தள்ளுபடிக்கு முன் 4,000 ரிங்கிட், இப்போது 25 விழுக்காட்டில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். கிளெய்ம் செய்தால் அடுத்த வருடம் 25 விழுக்காடு போகும். அதற்கடுத்த வருடம் 15க்குத்தான் ஏறுவீர்கள் என்பதால் 10 நட்டம், அதற்கும் அடுத்த வருடம் 5 நட்டம். மொத்தம் 40 விழுக்காடு, அதாவது 1,600 ரிங்கிட். பில் தொகை எக்ஸஸோடு 1,600ஐயும் தாண்டாவிட்டால் யாரும் கிளெய்ம் செய்வதில்லை, கைக்காசைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஆகவே பட்டறைக் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். கிளெய்ம் பட்டியலைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பில்லைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நவம்பர் 14 தேதி போட்டது, மொத்தம் 4,310 ரிங்கிட். உள்ளே: இடது பக்கக் கண்ணாடி, மட்கார்டு தட்டி நிமிர்த்தியது, ரேடியேட்டர், பிரேக் லைனிங், இரண்டு டயர், ஆள்கூலி. இதில் பிரேக் லைனிங்கும் டயரும் தேய்மானம். விபத்து நடக்காவிட்டாலும் மாற்றியிருப்பீர்கள். லோரி எப்படியும் பட்டறையில் நிற்கிறதே என்று சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அதைக் கழியுங்கள், ஆள்கூலியிலும் அதற்குரிய பங்கைக் கழியுங்கள். அதே வாரத்தில் தனியாக ஒரு இழுவை லோரி பில் இருக்கும். அது இதே விபத்தின் பில், இங்கே சேர வேண்டும். ஓட்டுநர் அன்று போனில் “பாரிட்ல சாஞ்சிருச்சு முதலாளி” என்று சொன்னது ஒரு நிகழ்வு. அதற்கு எத்தனை பில் வந்தாலும் ஒரு வரிதான். மறுபக்கம், ஒரே பில்லில் இரண்டு விபத்து ஒளிந்திருந்தால் இரண்டு வரி.

தாளில் ஒவ்வொரு வரிக்கும் வேண்டியவை: விபத்து நடந்த தேதி (பில் தேதி அல்ல), லோரி எண், இடம், என்ன நடந்தது, பழுதுக் காசு, இழுவைக் காசு, லோரி நின்ற நாள். கடைசிப் பத்தி, அதாவது லோரி நின்ற நாள், காப்புறுதியில் வராது. ஆனால் லோரி எட்டு நாள் பட்டறையில் நின்றால் எட்டு நாள் ஓட்டக் கூலி போச்சு. அதைத் தனியாக வையுங்கள், பழுதுக் காசோடு கலக்காதீர்கள்.

ஐந்து வருடக் கணக்கு போதும். பத்து வருடம் இருந்தால் நல்லதுதான், ஆனால் பத்து வருடத்துக்கு முன் ஓடிய லோரி வேறு, சாலை வேறு.

எதற்கு எதிராக எண்ணுவது

“வருடத்துக்கு 14 விபத்து” என்றால் அதில் தகவல் ஒன்றும் இல்லை. எத்தனை லோரிக்கு 14 என்று சொல்ல வேண்டும். ஏப்ரல் 1ஆம் தேதி வாங்கிய லோரி அந்த வருடத்துக்கு 0.75 லோரி. ஜூன் கடைசியில் விற்றது 0.5. இப்படிக் கூட்டி வருவதை லோரி-ஆண்டு என்போம்.

இதைவிட நல்ல அளவு ஆலை நிறுவைச் சீட்டில் இருக்கும் டன் அல்லது நடை. நம் கரையில் குலை அதிகம் இறங்குவது ஏறக்குறைய ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. மழை கூடுவது அக்டோபர், நவம்பரில். அந்த மாதங்களில் விபத்து கூடினால், களிமண் சாலை வழுக்கியதாலா, நடை கூடியதாலா என்று லோரி-ஆண்டை வைத்துப் பிரிக்க முடியாது. நடை எண்ணிக்கையை வைத்தால் பிரியும்.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த 2020, 2021ஆம் ஆண்டுகளைப் பற்றிக் கேட்பார்கள். 2020 மார்ச் 18 முதல் தனியார் கார்கள் வீட்டில் நின்றன. கார் கிளெய்ம் கணக்குப் போடுகிறவர் அந்த ஆண்டுகளை அப்படியே எடுத்தால் ஏமாறுவார். குலை லோரிக்கு அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நீக்க வேண்டியதில்லை. ஆலைச் சீட்டைப் பாருங்கள். நடை குறைந்திருந்தால் அந்த அளவுக்கு மட்டும் குறைத்து எடுங்கள்.

பழைய காசை இன்றைய காசாக்குவது

2020இல் 4,000 ரிங்கிட்டுக்கு முடிந்த பழுது இன்று அந்த விலைக்கு முடியாது. உயர்வு எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டாம். உங்கள் பில் கட்டிலேயே இருக்கிறது. எல்லா வருடமும் திரும்பத் திரும்ப வரும் மூன்று, நான்கு பொருள்களை எடுங்கள்: முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, ரேடியேட்டர், ஒரு நாள் ஆள்கூலி. அவற்றின் விலை வருடத்துக்கு எத்தனை விழுக்காடு ஏறியது என்று பாருங்கள். 5 விழுக்காடு என்று வந்தால், 2020 பில்லை 2025க்குக் கொண்டுவர 1.05ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும், அதாவது 1.276. அந்த 4,000 இன்று 5,105.

இதில் ஒரு படிக்கட்டும் உண்டு. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 6லிருந்து 8 விழுக்காடானது. ஆள்கூலிக்கு வரி போடும் பட்டறை என்றால் அன்றிலிருந்து அந்தப் பகுதி சுமார் 1.9 விழுக்காடு ஒரே நாளில் ஏறியது. வருடாந்தர உயர்வையும் இதையும் சேர்த்து இரட்டிப்பாக எண்ணிவிடாதீர்கள். வரியை நீக்கிவிட்டு விலையை ஒப்பிடுங்கள், கடைசியில் 8 விழுக்காட்டைச் சேருங்கள்.

இன்னும் முடியாத பில்கள்

போன வருட விபத்துக்கு இந்த வருடம் பில் வரும். அதை மறந்தால் கடைசி வருடம் எப்போதும் நல்ல வருடமாகவே தெரியும். ஆக்சுவரிகள் இதற்கு முக்கோணம் போடுவார்கள். ஆயிரம் ரிங்கிட் கணக்கில், விபத்து நடந்த வருடத்தின்படி, அது வரை சேர்ந்த தொகை:

2022 விபத்துகள்: முதல் வருட முடிவில் 60, இரண்டாம் வருட முடிவில் 84, மூன்றாம் வருட முடிவில் 90.
2023 விபத்துகள்: 70, பிறகு 98.
2024 விபத்துகள்: 55.

முதல் வருடத்திலிருந்து இரண்டாவதுக்கு எத்தனை மடங்கு? 84ஐயும் 98ஐயும் கூட்டி, 60ஐயும் 70ஐயும் கூட்டியதால் வகுக்க வேண்டும்: 182 கீழ் 130, அதாவது 1.40. இரண்டிலிருந்து மூன்றுக்கு 90 கீழ் 84, ஏறக்குறைய 1.071. ஆக 2023 முடிவில் 105 ஆகும். 2024இன் 55, 1.40 மடங்கு, பிறகு 1.071 மடங்கு, 82.5 ஆகும். இன்னும் வர வேண்டிய பில் 7ம் 27.5ம், மொத்தம் 34,500 ரிங்கிட். சொந்தச் சேதத்துக்கு மூன்று வருடத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று எடுத்தது இங்கே சரி. ஆள் காயத்துக்கு இதே முக்கோணத்தைப் போட்டால் மோசம் போவீர்கள். வழக்குகள் அதைத் தாண்டி வருடக்கணக்கில் இழுக்கும்.

தடவை

இனி இரண்டு கேள்வியைத் தனித்தனியாக வையுங்கள். வருடத்தில் எத்தனை தடவை? ஒரு தடவைக்கு எவ்வளவு? இரண்டையும் சேர்த்து “வருடச் செலவு” என்று ஐந்து எண்ணை வைத்துச் சராசரி போட்டால், கையில் ஐந்தே எண்தான். பிரித்தால் நம் உதாரணத்தில் தொகைக்கு மட்டுமே, விபத்துக்கு ஒன்றாக, 71 எண் கிடைக்கிறது. மொத்த இழப்பை இப்படிப் பிரித்துப் பார்க்கும் வழி சுவீடனின் ஃபிலிப் லுண்ட்பர்க் 1903இல் எழுதிய ஆய்வேட்டிலிருந்து வருகிறது.

உதாரண நிறுவனம்: 2020 முதல் 2024 வரை லோரி-ஆண்டு 30, 32, 36, 40, 40. விபத்து 7, 16, 12, 23, 13. மொத்தம் 178க்கு 71, ஒரு லோரிக்கு வருடத்துக்கு 0.40. அடுத்த வருடம் 40 லோரிக்கு 16 என்று எதிர்பார்க்கலாம்.

16ஐச் சுற்றி எவ்வளவு ஆடும்? முதலில் கையில் எடுப்பது பாய்சான் பரவல், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிகழ்வுகளை எண்ணுவதற்கானது. அதில் பரவற்படியும் (சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கச் சராசரி; அதன் வர்க்கமூலம் திட்ட விலக்கம்) சராசரியும் ஒன்று. பிரஷ்யக் குதிரைப்படையில் உதைபட்டு இறந்த வீரர்களை எண்ணி 1898இல் போர்ட்கீவிச் காட்டிய கணக்கு இதன் பெயர்பெற்ற உதாரணம்: 200 படை-ஆண்டுகளில் 122 சாவு, சராசரி 0.61, பரவற்படியும் அதே 0.61. ஒருவரை உதைத்த குதிரைக்கும் இன்னொருவரை உதைத்த குதிரைக்கும் சம்பந்தம் இல்லை.

நம் லோரிகளுக்குச் சம்பந்தம் உண்டு. மழை எல்லா லோரி மேலும் ஒரே நாளில் பெய்கிறது. சோதிக்க: ஒவ்வொரு வருடத்துக்கும் எதிர்பார்த்த எண்ணை (11.97, 12.76, 14.36, 15.96, 15.96) நடந்த எண்ணிலிருந்து கழித்து, வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டுங்கள். 6.93 வரும். வருட எண்ணிக்கையில் ஒன்று குறைத்து 4ஆல் வகுத்தால் 1.7. பாய்சான் சரி என்றால் இது 1 பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்து வருடத்தை வைத்து நிரூபித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. வழக்கமான 5 விழுக்காட்டு எல்லைக்கு 9.49 வேண்டும். ஆனாலும் மழை என்ற காரணம் கண்முன் இருப்பதால் 1.7ஐ எடுத்துக்கொள்வதே புத்தி. அப்போது பரவல், பாய்சானைவிட அதிகம் ஆட இடம் தரும் நெகட்டிவ் பைனாமியல்: சராசரி 16, பரவற்படி 27.2, திட்ட விலக்கம் 5.2. பாய்சானில் அது 4.

வித்தியாசம் சின்னதாகத் தெரியும். 24 அல்லது அதற்கு மேல் விபத்து நடக்கும் வருடம் பாய்சானில் நூற்றுக்கு 4, நெகட்டிவ் பைனாமியலில் நூற்றுக்கு 8 அல்லது 9. கெட்ட வருடத்தின் வாய்ப்பு இரண்டு மடங்கு.

அட்டவணை கட்டுவது இப்படி. வடிவ எண் 256ஐ 11.2ஆல் வகுத்தால் வரும், சுமார் 23. (256 என்பது 16இன் வர்க்கம், 11.2 என்பது 27.2இல் 16 போக மீதி.) பூச்சிய விபத்தின் நிகழ்தகவு 23 கீழ் 39இன் 23ஆம் அடுக்கு. அதன் பிறகு ஒவ்வொரு வரியும் மேல் வரியிலிருந்து: க-ஆவது வரிக்கு, மேல் வரியை 22 கூட்டல் க-வால் பெருக்கி, க-வால் வகுத்து, 16 கீழ் 39ஆல் பெருக்குங்கள். 45 வரை போனால் போதும். கூட்டுத்தொகை 1ஐ ஒட்டி வராவிட்டால் எங்கோ ஒரு வரி தப்பு.

தொகை

71 பில்லையும் இன்றைய காசாக்கியபின் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். நிறைய சின்னது, கொஞ்சம் பெரியது, ஒன்றிரண்டு ராட்சசம். மணி வடிவ நார்மல் பரவலை இதற்குப் போடவே கூடாது. போட்டால் கழித்தல் குறியோடு பில் வரும், ராட்சசம் வரவே வராது.

லாக்நார்மல் (மடக்கை எடுத்தால் மணி வடிவமாகும் பரவல்) நல்ல தொடக்கம். ஒவ்வொரு தொகைக்கும் இயல் மடக்கை எடுங்கள், அவற்றின் சராசரியும் திட்ட விலக்கமும் கண்டுபிடியுங்கள். நம் உதாரணத்தில் 8.2, 1.1. அப்படியானால் நடுப் பில் 3,640 ரிங்கிட், சராசரிப் பில் 6,670 ரிங்கிட், நூற்றில் ஐந்து பில் 22,200ஐத் தாண்டும், நூற்றில் ஒன்று 47,000ஐத் தாண்டும். சராசரி நடுப் பில்லைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு என்பதைக் கவனியுங்கள். பாதிக்கு மேற்பட்ட பில்கள் 4,000க்குக் கீழே இருப்பதைப் பார்த்து “நம்ம செலவு நாலாயிரந்தான்” என்று மனசு சொல்லும்.

பொருந்துகிறதா என்று பார்க்க, உங்கள் 71இல் 68ஆவது பில்லை, நம் லாக்நார்மல் மாதிரி சொல்லும் 95ஆம் சதமானத்தோடு (நூற்றில் 95 பில் அதற்குக் கீழே இருக்கும் தொகை) ஒப்பிடுங்கள். உங்களுடையது 45,000ஆகவும் மாதிரி 22,000ஆகவும் இருந்தால் வால் தடித்தது, லாக்நார்மல் போதாது. இன்னொரு சோதனை: 5,000க்கு மேற்பட்ட பில்கள் சராசரியாக எவ்வளவு தாண்டுகின்றன, 10,000க்கு மேல் எவ்வளவு, 20,000க்கு மேல் எவ்வளவு என்று வரைந்து பாருங்கள். நேர்க்கோடாக ஏறிக்கொண்டே போனால் மேல்பகுதிக்குத் தடித்த வால் உள்ள பரேட்டோ பரவல். லோரி முழுதாகக் கவிழ்ந்த கிளெய்ம் ஒன்று இருந்தால் அதை இந்த 71இல் போட்டுக் குழப்பாமல் தனி வரியாக்குங்கள்: எத்தனை வருடத்துக்கு ஒன்று, லோரியின் சந்தை விலை எவ்வளவு. அதற்கு மேல் தொகை போக முடியாது, பரவலுக்கு அது தெரியாது.

பட்டறைப் புத்தகம் தொலைந்து, காப்புறுதி நிறுவனத்துப் பட்டியல் மட்டுமே கையில் இருந்தால், அதில் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. நேராகச் சராசரி எடுத்தால் பில் பெரிதாகவும் விபத்து குறைவாகவும் தெரியும். ஒவ்வொரு பில்லின் நிகழ்தகவு அடர்த்தியையும் “வெட்டுக்கு மேலே இருக்கும்” நிகழ்தகவால் வகுத்து, அவற்றின் மடக்கைகளின் கூட்டுத்தொகை உச்சமாகும்படி இரு எண்களையும் எக்செலின் சால்வரைக் கொண்டு தேடுங்கள்.

இரண்டையும் சேர்ப்பது

வருட மொத்தத்தின் சராசரி: 16 தடவை 6,670, சுமார் 106,700 ரிங்கிட். பரவற்படி: விபத்துச் சராசரியைப் பில்லின் பரவற்படியால் பெருக்கி, விபத்தின் பரவற்படியைப் பில் சராசரியின் வர்க்கத்தால் பெருக்கி, இரண்டையும் கூட்டுங்கள். வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 53,700. சராசரியில் பாதி!

சதமானங்களுக்கு மாதிரி ஓட்டம், அதாவது கற்பனை வருடங்களைத் தாளில் பல முறை ஓட்டிப் பார்ப்பது. எக்செலில் ஒரு வரி ஒரு வருடம். முதல் பத்தியில் ராண்ட் எண்ணை (எக்செல் தரும், 0க்கும் 1க்கும் இடைப்பட்ட தற்செயல் எண்) மேலே கட்டிய அட்டவணையில் தேடி விபத்து எண்ணிக்கை. அடுத்த 45 பத்திகளில் லாக்நார்ம்.இன்வ் கட்டளைக்கு ராண்ட், 8.2, 1.1 கொடுத்து ஒவ்வொரு பில். எண்ணிக்கையைத் தாண்டிய பத்திகளுக்குப் பூச்சியம். இப்படி 10,000 வரி. ஒவ்வொரு முறை என்டர் அடிக்கும்போதும் எண்கள் மாறும், ஆகவே ஓடி முடிந்ததும் மதிப்புகளாக ஒட்டி உறைய வையுங்கள். இதைச் செய்யாமல் பேசப் போனவர்கள் காலையில் ஒரு எண்ணும் மாலையில் ஒரு எண்ணும் சொல்லியிருக்கிறார்கள்.

ஓட்ட நேரமில்லை என்றால், மொத்தத்தையே லாக்நார்மல் என்று வைத்துச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் பொருத்துங்கள். நடு வருடம் 95,000, 75ஆம் சதமானம் 131,000, 95ஆம் சதமானம் 208,000, 99ஆம் சதமானம் 288,000 என்று வரும். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் மூலதன விதிமுறைப்படி காப்புறுதி நிறுவனங்கள் கிளெய்ம் பொறுப்புக்கு வைக்கும் தொகையும் 75 விழுக்காட்டு நம்பிக்கை அளவில்தான். ஆயிரக்கணக்கான வாகனம் வைத்திருக்கும் அவர்களுக்கு அது போதும். 40 லோரிக்காரர் 95ஐப் பார்க்க வேண்டும். ஹாரி பேன்ஜர் 1981இல் வெளியிட்ட படிமுறையில் மாதிரி ஓட்டமே இல்லாமல் இதைத் துல்லியமாகக் கணிக்கலாம். இந்த அளவு வேலைக்கு அது தேவையில்லை.

எக்ஸஸ் போட்டபின்

ஒவ்வொரு விபத்திலும் முதல் 5,000 ரிங்கிட் உங்களுடையது என்று வைப்போம். மாதிரித் தாளில் ஒவ்வொரு பில்லையும் 5,000இல் வெட்டிக் கூட்டினால் போதும். ஒரு பில்லில் உங்கள் பங்கு சராசரியாக 3,320. வருடத்துக்கு 53,200. மொத்தச் செலவில் சரிபாதியை நீங்கள் ஏற்கிறீர்கள். 95ஆம் சதமானம் 88,000. வருடத்தில் ஆறு விபத்துதான் நிறுவனத்திடம் போகும்.

எக்ஸஸ் 20,000 என்றால் உங்கள் பங்கு 91,200, மொத்தத்தில் 85 விழுக்காடு. நிறுவனத்திடம் போவது வருடத்துக்கு ஒன்றே ஒன்று.

எக்ஸஸ் இல்லாதபோது வருட மொத்தத்தின் ஆட்டத்தில் பெரும்பங்கு பில் அளவிலிருந்து வந்தது. 5,000இல் வெட்டியபின் ஆட்டத்தில் கிட்டத்தட்ட 87 விழுக்காடு விபத்து எண்ணிக்கையிலிருந்து வருகிறது. எக்ஸஸ் எடுக்கிறவருக்கு ராட்சசப் பில்லைவிட மழைக்காலத்து 24 சின்னப் பில்கள்தான் எதிரி. அதனால்தான் மேலே பாய்சானா, நெகட்டிவ் பைனாமியலா என்று அவ்வளவு நேரம் நின்றோம். ஓட்டுநர் பயிற்சிக்கும், களிமண் வளைவில் கல் கொட்டுவதற்கும் போடும் காசு இங்கேதான் திரும்பி வரும்.

விலைவாசியும் இரு பக்கமும் ஒரே மாதிரி பாயாது. பழுதுச் செலவு 10 விழுக்காடு ஏறினால், 5,000 எக்ஸஸில் உங்கள் பங்கு 4 விழுக்காடுதான் கூடும், நிறுவனத்தின் பங்கு 16 விழுக்காடு கூடும். அடுத்த வருடம் அவர்கள் பிரிமியத்தை விலைவாசியைவிட வேகமாக ஏற்றினால் ஏஜெண்டிடம் சண்டை போடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

கணக்கு எங்கே பொய் சொல்லும்

71 விபத்து குறைவான எண். 0.40 என்பதற்கு இருபுறமும் 0.12 வரை இடம் விடுங்கள். நம்பகத்தன்மைக்கு வழக்கமான பழைய அளவுகோல் ஒன்று உண்டு: சொந்த அனுபவத்தை முழுதாக நம்ப 1,082 கிளெய்ம் வேண்டும். 71ஐ 1,082ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.26. “நான் நல்ல ஓட்டுநர்களை வைத்திருக்கிறேன், விலையைக் குறை” என்று கேட்கும்போது நிறுவனத்து ஆக்சுவரி உங்கள் வார்த்தைக்குக் கொடுக்கும் எடை ஏறக்குறைய கால்வாசி, மீதி சந்தை அனுபவத்துக்கு. 0.40க்குப் பதில் 0.52 போட்டு முழுத் தாளையும் மறுபடி ஓட்டுங்கள். முடிவு மாறாவிட்டால் நிம்மதி.

வெள்ளம் இந்தத் தாளில் இல்லவே இல்லை. 40 லோரியும் இரவில் ஒரே முற்றத்தில் நின்றால், தண்ணீர் ஏறும்போது அது ஒரு நிகழ்வு, 40 பில். 2021 பெருவெள்ளத்தில், அந்த டிசம்பர் மழையையும் சேர்த்து, நாடு இழந்தது 610 கோடி ரிங்கிட் என்று புள்ளியியல் துறை கணக்கிட்டது. அதன் முந்தைய ஐந்து வருடப் பில்லை வைத்திருந்த எவர் தாளிலும் அது தெரிந்திருக்காது. வெள்ளத்துக்குத் தனி வரி போடுங்கள், வழக்கமான மோட்டார் பாலிசியில் அது சேராது என்பதால் கூடுதல் பாதுகாப்பை வாங்குங்கள். லோரிகளை இரண்டு முற்றத்தில் பிரித்து நிறுத்துவதற்குப் பிரிமியமே இல்லை.

இன்னொன்று. கணக்கு நன்றாக வந்ததும், பக்கத்துக் குத்தகையாளர்கள் நாலு பேர் சேர்ந்து நாமே ஒரு நிதி வைத்துக்கொள்ளலாமே என்று ஒட்டுக்கடையில் பேச்சு எழும். அடுத்தவர் ஆபத்தைக் காசு வாங்கி ஏற்பது காப்புறுதித் தொழில், 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி உரிமம் வேண்டும். நம் ஆட்களின் கூட்டு (சீட்டுப் பிடிப்பது) அந்தப் பெயராலேயே 1971ஆம் ஆண்டுக் கூட்டு நிதித் தடைச் சட்டத்தில் ஏறிய கதையும் இருக்கிறது. சொந்த லோரிக்குச் சொந்தக் காசை ஒதுக்குவதோடு நிறுத்துங்கள்.

ஏஜெண்டிடம் கேட்பது

எக்ஸஸ் இல்லாமல், 5,000க்கு, 20,000க்கு என்று மூன்று விலையை எழுத்தில் வாங்குங்கள். 5,000 எக்ஸஸுக்கு 40 லோரிக்கும் சேர்த்துப் பிரிமியம் 65,000 குறைந்தால், சராசரியில் 12,000 மிச்சம், கெட்ட வருடத்தில் 23,000 கைவிட்டுப் போகும். அந்த 23,000ஐ வங்கியில் தனியாக வைக்க முடியுமென்றால் எடுக்கலாம். 45,000தான் குறைகிறது என்றால் சராசரி வருடத்திலேயே நட்டம், வேண்டாம். 5,000லிருந்து 20,000க்குப் போனால் இன்னும் 38,000 உங்கள் தலையில் ஏறுகிறது. அதற்கு மேல் விலை இறங்கினால்தான் பேச்சு.

புதுப்பித்த அன்று தாளின் ஓரத்தில் நான்கு எண்ணை எழுதி வையுங்கள்: எதிர்பார்த்த விபத்து 16, உங்கள் பங்கு 53,200, 75ஆம் சதமானம், 95ஆம் சதமானம். ஒவ்வொரு மாத முடிவிலும் நடந்த எண்ணை அதன் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அக்டோபருக்கு முன்பே விபத்து 16ஐத் தொட்டுவிட்டால், அடுத்த புதுப்பிப்புக்கு வேறு தாள் போட வேண்டியிருக்கும்.